கான்கிரீட் தரையில் காடி வெட்டுவது: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர் பட்டால் வழுக்குகிற கான்கிரீட் தரையில் மெஷின் வைத்துக் கோடு இழுத்து, காலுக்கும் டயருக்கும் பிடிப்பு உண்டாக்குவது எங்கள் தொழில். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காவேரிப்பட்டணம், ஓசூர் என்று சுற்றும் நாலு பேர் கொண்ட சின்னக் குழு. இதற்கு முன் பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறையில் கல் அறுத்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரே கேள்வி பத்துப் பேரிடமிருந்து வருவதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். கூப்பிடுகிறவர்களில் பாதிக்கு மேல் மாடு வைத்திருப்பவர்கள். அதனால் பதிலும் மாட்டுக்கொட்டாய்ப் பக்கமே சாய்ந்திருக்கும்.

காடி என்றால் என்ன? வெறும் சொரசொரப்புப் போதாதா?

காடி தச்சர்களின் சொல். பலகையில் நீளவாக்கில் எடுக்கிற பள்ளம். கொத்தனார்கள் 'கோடு' என்பார்கள், எலக்ட்ரீஷியன் 'குரூவ்' என்பார், ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் மேஸ்திரி 'கீத' என்பார். எல்லாம் ஒன்றுதான்.

அம்மி தேய்ந்து வழவழப்பானால் மிளகாய் நழுவும், அரைபடாது. கொத்தி வாங்கினால் மறுபடியும் பிடிக்கும். தரையும் அப்படித்தானே என்று கேட்பார்கள். பாதி சரி. அம்மியில் நாம் தேவைக்குத்தான் தண்ணீர் தெளிக்கிறோம். கொட்டாய்த் தரையில் மூத்திரம், சாணம், கழுவின தண்ணீர் எல்லாம் சேர்ந்து கூழாக நிற்கிறது. குளம்பு அதன்மேல் இறங்கும்போது அடியில் சிக்கிய கூழ் சட்டென்று விலக இடமில்லை. கால் தரையைத் தொடாமல் கூழின்மேலேயே போகிறது. வெறும் சொரசொரப்பில் இந்தக் கூழ் அடைத்துக்கொள்ளும், இரண்டு மாதத்தில் பழைய கதைதான். காடி இரண்டு வேலை செய்கிறது. சிக்கிய தண்ணீருக்கு ஓட ஒரு வழி கொடுக்கிறது. நழுவ ஆரம்பித்த குளம்பின் விளிம்பு அடுத்த காடியின் ஓரத்தில் போய் மாட்டி நிற்கிறது.

எங்கள் தரைக்குக் காடி தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மெஷினைக் கூப்பிடும் முன் ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தீவனத் தொட்டி ஓரத்தில் நின்று மெதுவாக ஊற்றுங்கள். பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். தண்ணீர் பின்பக்க வாய்க்காலுக்குப் போயிருந்தால் தரை நல்ல தரை, காடி வெட்டினால் பலன் இருக்கும். நடுவில் குளம் கட்டி நின்றால் முதலில் சரிவைச் சரிசெய்ய வேண்டும். 10 அடி நீளத்துக்கு 2 முதல் 2½ அங்குலம் இறக்கம் இருந்தால் போதும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துப் பாருங்கள். இதைவிட அதிகச் சரிவும் வேண்டாம். சினை மாடு நாளெல்லாம் பின்பக்கம் சாய்ந்து நிற்கக் கூடாது.

இதை நான் கற்றது எங்கள் அப்பாவின் கொட்டாயில். கிரானைட் பட்டறையை விட்டு வந்த புதிது. சொந்த வீடுதானே என்று குடமும் ஊற்றவில்லை, லெவலும் பார்க்கவில்லை. நூல் அடித்து, சுவருக்கு இணையாக அழகாக அறுபது கோடு இழுத்தேன். வேலை முடிந்ததும் அப்பா ஒரு வாளி ஊற்றினார். ஒவ்வொரு காடியும் தனித்தனி வாய்க்காலாகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. சரிவு ஒரு பக்கம், என் கோடு அதற்குக் குறுக்கே. "ஏண்டா, நெல்லுக்குப் பாத்தி கட்டினியா?" என்றார். ஒரு வாரத்தில் ஈ மொய்க்க ஆரம்பித்தது. அப்புறம் வாய்க்கால் பக்கமாகக் குறுக்குக் கோடுகள் வெட்டி விட்டுத்தான் தப்பித்தேன். சரிவில்லாத தரையில் காடி வெட்டினால் நிற்கிற தண்ணீர் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

மாடு வழுக்கினால் விழும், அது தெரியும். விழாத மாட்டுக்கும் இதனால் நஷ்டமா?

ஆமாம், அந்த நஷ்டம் கண்ணில் படுவதில்லை. வழுக்கும் தரையில் மாடு நடப்பதைக் கவனியுங்கள். தலையைத் தாழ்த்தி, பின்னங்கால்களை அகட்டி, குட்டிக் குட்டி அடியாக வைக்கும். படுக்கப் பயப்படும். படுத்தால் எழப் பயப்படும். மாடு எழும்போது உடம்பை முன்னே தள்ளி, முதலில் பின்பக்கத்தைத்தான் தூக்கும். அந்த ஒரு நொடியில் பின் குளம்புகள் தரையை அழுத்தி உந்த வேண்டும். அங்கே வழுக்கினால் கால் இரண்டும் அகண்டு போகும். இடுப்பு நழுவிய மாடு மறுபடி எழுவது அபூர்வம்.

இன்னொன்று, அவிழ்த்துவிட்டு வளர்ப்பவர்களுக்கு. பருவத்துக்கு வந்த மாடு மற்ற மாட்டின்மேல் ஏறுவதைப் பார்த்துத்தான் சினை ஊசி போட ஆளைக் கூப்பிடுகிறோம். வழுக்கும் தரையில் அது ஏறவே ஏறாது. பருவம் தவறினால் அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் தீவனச் செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா காலத்தில் இந்தப் பேச்சே இல்லை. பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாடு காட்டில் மேய்ந்து மண் தரையில் படுத்த மாடு. இப்போதைய ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) கலப்பு மாட்டுக்கு அதைவிடக் கனமான உடம்பு. கன்று போட்ட நாள் முதல் கான்கிரீட்டிலேயே நிற்கிறது.

மாட்டுக்கொட்டாய்க்கு என்ன அளவில் வெட்ட வேண்டும்?

அகலம் 3 நூல், ஆழம் 3 நூல், காடிக்குக் காடி 2 அங்குலம். நூல் என்றால் மேஸ்திரிகளின் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆக மில்லிமீட்டரில் சுமார் 10-க்கு 10, இடைவெளி 50.

ஏன் 2 அங்குலம்? வளர்ந்த மாட்டின் குளம்பு ஏறக்குறைய 4 அங்குல அகலம். எங்கே மிதித்தாலும் அடியில் இரண்டு காடியாவது வர வேண்டும் என்பதுதான் கணக்கு. 4 அங்குலத்துக்கு ஒரு கோடு என்று நேர்கோடாக மட்டும் போட்டு பாதிக் காசில் முடிக்கச் சொல்வார்கள். குளம்பு இரண்டு கோட்டுக்கு நடுவில் கிட்டத்தட்ட முழுதாக உட்கார்ந்துவிட்டால் கோடு இருந்தும் இல்லாத மாதிரி.

அகலத்தைக் கூட்டினால் பிடிப்பு கூடும் என்று நினைக்க வேண்டாம். முக்கால் அங்குலத்துக்கு மேல் போனால் குளம்பின் அடிப்பகுதி முழுதாகத் தாங்கப்படாமல் ஓரத்தில் பாரம் விழும், புண் வரும். கன்றுக்குட்டிக்கு இன்னும் மோசம். அகலம் ரொம்பக் குறைந்தாலும் பயனில்லை. கிரைண்டரின் ஒற்றை பிளேடு இழுக்கிற ஒரு நூல் கோட்டில் சாணம் இறுகிவிட்டால் துடைப்பத்தில் வராது, ஆணி வைத்துக் கிண்ட வேண்டும். 2 நூலுக்குக் குறைந்த ஆழமும் வீண்.

நேர்கோடா, டைமண்டா?

நேர்கோடு வெட்டுவது சுலபம், கழுவுவதும் சுலபம். ஆனால் கோட்டின் திசையிலேயே கால் நழுவினால் அது தடுக்காது. டைமண்ட் என்று நாம் சொல்லும் சாய்ந்த கட்டம் எல்லாத் திசையிலும் பிடிக்கும். அதற்கு 4 அங்குல இடைவெளி போதும், ஏனென்றால் இரண்டு பக்கக் கோடுகளும் சேர்ந்து குளம்பைப் பிடிக்கும்.

மூன்று நாலு மாட்டை வரிசையாகக் கட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பின்னங்கால் நிற்கும் கடைசி 3 அடியிலும், மாடு திரும்பும் வாசலிலும் டைமண்ட். நடைபாதையில் வாய்க்காலை நோக்கி ஓடும் நேர்கோடு. முன்பக்கம், அதாவது மாடு மண்டியிட்டுப் படுக்கும் இடத்தில், ஒன்றும் வேண்டாம். அங்கே மேட் அல்லது வைக்கோல் போடுங்கள். காடியின் ஓரம் முட்டியையும் மடியையும் தேய்த்துவிடும்.

சாணத்தை டிராக்டரில் தள்ளும் பெரிய பண்ணை என்றால் தள்ளும் திசையிலேயே கோடு ஓட வேண்டும். குறுக்கே வெட்டினால் தள்ளுதகடு ஒவ்வொரு கோட்டிலும் தட்டித் தட்டி விளிம்பை உடைத்துவிடும்.

எங்கெல்லாம் வெட்டவே கூடாது?

மொட்டை மாடி. மழையில் வழுக்குகிறது என்று கேட்பவர்கள் நிறைய. அங்கே கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட்டின் கனமே சாதாரணமாக 20 மில்லிமீட்டர். அதில் 10-ஐ வெட்டி எடுத்துவிட்டால் மழைத்தண்ணீர் நேராகக் கம்பிக்கு வழி கண்டுபிடிக்கும். கேட்கிறவர் கோபித்துக்கொண்டாலும் நான் போவதில்லை. பாசி இருந்தால் தேய்த்துக் கழுவுங்கள், அதற்கான பூச்சு அடியுங்கள்.

செப்டிக் டேங்க் மூடி, தண்ணீர்த் தொட்டி மூடி, பாத்ரூம் தரை ஆகியவற்றுக்கும் இதே பதில்.

களமும் கூடாது. புளி காயவைக்கும்போது, ராகி அடிக்கும்போது வழுக்குகிறது என்று ஒருவர் களம் முழுக்க வெட்டச் சொன்னார். அண்ணா, ராகியைக் கூட்டி அள்ளும்போது பாதி காடிக்குள்ளேயே இருக்கும், அப்புறம் எறும்புக்குத்தான் கொண்டாட்டம் என்றேன். சிரித்துவிட்டு, களத்துக்கு ஏறும் வழியில் மட்டும் வெட்டச் சொன்னார்.

புதிதாகத் தரை போடுகிறோம். ஈரமாக இருக்கும்போதே கோடு போட்டுவிடலாமா?

போடலாம், செலவு குறைவு. நேரம் பிடிபடுவதுதான் கஷ்டம். மேலே மினுமினுக்கும் தண்ணீர் மறைந்திருக்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் 2 நூல் பள்ளம் விழ வேண்டும். அதற்கு முன் போட்டால் கோடு மூடிக்கொள்ளும். பின்னால் போட்டால் ஜல்லி பெயரும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் போட்ட கான்கிரீட் மத்தியானம்வரை பொறுமையாக இருக்கும். அரூரில் சித்திரை வெயிலில் போட்டால் மேஸ்திரி டீ குடித்துவிட்டு வருவதற்குள் இறுகிவிடும்.

நாலைந்து 10 மில்லிமீட்டர் கம்பியை 2 அங்குல இடைவெளியில் ஒரு பலகையில் அடித்துக்கொண்டு, பூச்சுத் தேய்க்கிற மணியாஸ் கட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்து அழுத்தலாம். ஒரு குறை உண்டு. அழுத்தும்போது கோட்டின் இரு ஓரமும் உதடு மாதிரி மேலே பிதுங்கும். காய்ந்தபின் அது கத்தி. மாட்டைக் கட்டும் முன் தேய்த்தே ஆக வேண்டும்.

கோடு போட்ட ஆசையில் மேலே சிமென்ட் பால் ஊற்றி மழுமழுவென்று தேய்க்காதீர்கள். வீட்டு வராண்டா பழக்கம் அது. கொட்டாய்த் தரைக்கு மரக்கட்டைத் தேய்ப்பே போதும்.

சாக்குப் போட்டு நனைப்பதிலும் கஞ்சத்தனம் கூடாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி சாதாரண ஓ.பி.சி. சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி.க்கு 10 நாள். சூடான, காய்ந்த வெயிலில் பி.பி.சி.க்கு 14 நாள் நல்லது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி.தான். மெஷினால் வெட்டுவதாக இருந்தால் 28 நாள் ஆகட்டும், அதற்கு முன் கூப்பிடாதீர்கள்.

பழைய தரை தாங்குமா?

ஒரு பெரிய ஆணியை எடுத்துத் தரையில் அழுத்திக் கீறுங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் நல்ல தரை. மணல் உதிர்ந்து பள்ளம் விழுந்தால், காடியின் ஓரம் மாட்டுக் கால் பட்டே உடைந்துபோகும். பிறகு சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் சரி. 'டொப்' என்று கேட்டால் அடியில் பொந்து. மேல் பூச்சு தனியாக நிற்கிறது, வெட்டினால் பத்தை பத்தையாகப் பெயரும்.

கிரானைட் பலகை போட்டிருக்கிறோம். அதில் வெட்டலாமா?

நம் ஊர்க் கேள்வி. பர்கூர், ஜெகதேவிப் பட்டறைகளில் உடைசல் பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று கொட்டாயிலும், வீட்டு வாசல் படியிலும் பாவிவிடுகிறார்கள். பாலிஷ் போட்ட கல்லில் தண்ணீர் பட்டால் மனிதனே நிற்க முடியாது, மாடு எப்படி நிற்கும்?

பலகையின் கனம் பார்க்க வேண்டும். 18, 20 மில்லிமீட்டர் பலகையில் 10 மில்லிமீட்டர் காடி இழுத்தால், அடியில் கலவை சரியாக நிரம்பாத இடத்தில் அந்தக் கோட்டிலேயே இரண்டாகப் பிளக்கும். மெல்லிய பலகைக்கு நெருப்புக் காட்டுவதுதான் நல்லது. எரிவாயு ஜுவாலையை மேலே ஓட்டினால் கல்லில் உள்ள படிகங்கள் விரிந்து, மேல்தோல் பொரிப்பொரியாகத் தெறித்து விழும். கல் மங்கிச் சொரசொரப்பாகும். பட்டறையில் ஃபிளேமிங் என்றால் தெரியும். கல்லை வாங்கும் முன்பே செய்துகொள்ளுங்கள். பாவின பிறகு செய்தால் கலவையும் சூடாகும். 2, 3 அங்குலக் கனமுள்ள பாவு கல் என்றால் தாராளமாக உளியால் கொத்தலாம், வெட்டவும் செய்யலாம்.

கிரைண்டர் இருக்கிறது. நாங்களே வெட்டிக்கொள்ளலாமா?

இரண்டு மூன்று கோடு என்றால் சரி. முழுக் கொட்டாய்க்கு ஒரு கை கிரைண்டர் என்றால் மூன்றாம் நாள் தோள் கழன்றுவிடும். நாங்கள் இரட்டை பிளேடு போட்ட வால் சேசரில் (சுவரில் பள்ளம் எடுக்கிற மெஷின்) 3 நூல் இடைவெளியில் இரண்டு வெட்டு வெட்டி, நடுவில் நிற்கும் மெல்லிய சுவரை உளியால் தட்டி எடுக்கிறோம். பெரிய பண்ணைக்கு, ஒரே உருளையில் பல பிளேடு கோத்த தள்ளு மெஷினை வாடகைக்கு எடுப்போம். சாதா கிரைண்டரில் வாஷர் போட்டு மூன்று பிளேடு கோக்கிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். 4 அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. நட்டு முழுதாகப் பிடிக்காத பிளேடு கழன்றால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

பிளேடு விஷயம் கிரானைட் ஆட்களுக்கே குழப்பம். கடினமான கல்லை அறுக்கிற பிளேடில் வைரத் துகளைப் பிடித்திருக்கும் உலோகம் மென்மையானது. அது தேயத் தேயத்தான் புது வைரம் வெளியே வரும். கான்கிரீட்டில் உள்ள மணல் அரம் மாதிரி உராயும், ஆகவே அதற்குக் கடினமான பிடிப்பு வேண்டும். கல் பிளேடைக் கான்கிரீட்டில் போட்டால் சாக்பீஸ் மாதிரி கரைந்துபோகும். கான்கிரீட் பிளேடு நம் ஊர்க் கருங்கல் ஜல்லியில் மாட்டினால் உலோகம் தேயாமல் வைரம் மழுங்கி, விளிம்பு பளபளக்கும். சத்தம் மாறும், பொறி பறக்கும், வெட்டாது. பிளேடு செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு செங்கல்லில் நாலைந்து முறை வெட்டி எடுங்கள், உயிர் வந்துவிடும்.

தூசி விஷயத்தில் நான் விளையாடுவதில்லை. மணலிலும் ஜல்லியிலும் இருக்கும் சிலிக்கா, காய்ந்து வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத மாவாகக் காற்றில் மிதக்கும். மூச்சில் போனது நுரையீரலை விட்டு வராது. சிலிக்கோசிஸ் வந்தால் அதைக் குணப்படுத்த மருந்தில்லை. பட்டறையில் என்னோடு கல் அறுத்தவர் ஒருவர் நாற்பது வயதில் வீட்டுப் படி ஏற முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். துண்டை மூக்கில் கட்டுவது மாஸ்க் இல்லை. வெட்டுகிற இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதோடு என்95 மாஸ்க். தண்ணீரும் கரண்டும் சேர்கிற இடம் என்பதால் கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற இ.எல்.சி.பி. இல்லாத லைனில் மெஷினைச் சொருகாதீர்கள். லுங்கி கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிக்காதீர்கள்.

வெட்டும்போது வருகிற வெள்ளைக் குழம்பை அன்றைக்கே அள்ளிவிடுங்கள். சுண்ணாம்பு மாதிரி காரமானது, தீவனப் புல் பக்கமும் கிணற்றுப் பக்கமும் விடக் கூடாது. காய்ந்தால் மறுபடி அதே தூசிதான்.

வீட்டு வாசலில் வண்டி ஏற்றும் சறுக்குக்கு?

2 நூல் அகலம், ஒரு நூலுக்குச் சற்று அதிகமான ஆழம், ஒன்றரை அங்குல இடைவெளி, ஏறும் திசைக்குக் குறுக்கே. நேர்க்குறுக்காக இல்லாமல் நடுவில் மேல்நோக்கிய அம்புமுனை மாதிரி வெட்டினால் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். ஏறும் திசையிலேயே நீளக் கோடு போட்டால் பைக்கின் முன் சக்கரத்தைக் கோடு இழுக்கிற மாதிரி கையில் தெரியும், புதிதாக ஓட்டுகிறவர் பயந்துவிடுவார்.

சக்கர நாற்காலிக்கான சறுக்கு என்றால் முதலில் சரிவு 12-க்கு 1 இருக்க வேண்டும். காடி இன்னும் மெல்லிசாக இருக்க வேண்டும், நாற்காலியின் முன் குட்டிச் சக்கரம் மாட்டக் கூடாது.

மெக்கானிக் ஷெட், மாம்பழக் கூழ் ஆலை?

காடி தண்ணீரை வெளியேற்றும், எண்ணெயை அவ்வளவாக வெளியேற்றாது. ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு குளிக்கிற பாறையில் நடந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாறை எவ்வளவு சொரசொரப்பாக இருந்தாலும் கால் போகும். ஷெட்டில் எண்ணெயைத் துடைப்பதுதான் வைத்தியம்.

கூழ் ஆலைக்குள்ளே வேண்டாம். சர்க்கரையும் புளிப்பும் காடியில் தங்கிப் புளிக்கும். ஈ வரும், அமிலம் சிமென்டை அரிக்கும். அங்கே குவார்ட்ஸ் மணல் தூவிய எபாக்சி பிசின் தரை போடட்டும். லாரியில் இருந்து மாங்காய் இறக்கும் வெளி முற்றத்துக்குக் காடி பொருந்தும்.

இது விமான நிலையத்தில் செய்வதுதானே? தொப்பூரில் வெட்டினால் விபத்து நிற்குமா?

அங்கிருந்து வந்ததுதான். பிரிட்டனில் 1950-களில் ஓடுபாதைகளில் வெட்டத் தொடங்கினார்கள். 1960-களில் நாசா சோதித்துப் பார்த்தது. அமெரிக்க ஓடுபாதை அளவு இன்றைக்கும் 6 மில்லிமீட்டர் அகலம், 6 ஆழம், 38 இடைவெளி. அந்த ஆராய்ச்சியில் கிடைத்த ஒரு கணக்கு நமக்கும் உதவும். டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், தேங்கிய தண்ணீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் கிடைக்கும். காரில் 30 பவுண்டு காற்று இருந்தால் மணிக்கு 57 மைல், அதாவது 90 கிலோமீட்டர் சுமார். காற்றுக் குறைந்த டயர் அதற்கும் முன்பே மிதக்கும்.

தொப்பூர்க் கணவாய் வேறு கதை. தர்மபுரியில் இருந்து சேலம் பக்கம் இறங்கும் பார லாரி, நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். சக்கரத்தை நிறுத்த முடியாத வண்டிக்குத் தரையில் எத்தனை கோடு இருந்து என்ன? மழை நாளில் வழுக்குவதைத்தான் காடி குறைக்கும். அங்கே வேண்டியது சின்ன கியரும் பொறுமையும்.

செலவை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

ஓடும் அடிக்கு இவ்வளவு என்று. 10-க்கு 20 கொட்டாயில் 2 அங்குலத்துக்கு ஒரு நேர்கோடு என்றால் 60 கோடு, ஒவ்வொன்றும் 20 அடி, ஆக 1200 அடி. 200 சதுர அடியில் வகுத்தால் சதுர அடிக்கு 6 அடி கோடு. டைமண்ட் 4 அங்குல இடைவெளியில் போட்டாலும், இரண்டு திசையிலும் மும்மூன்று சேர்ந்து அதே 6 அடிதான். ஆகவே டைமண்டுக்கு இரட்டிப்புக் காசு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மெஷினைத் திருப்பித் திருப்பி வைக்கிற கூலி கொஞ்சம் கூடலாம், இரட்டிப்பு ஆகாது. ஆழத்தையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 3 நூல் பேசி ஒன்றரை நூலில் முடிப்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கிற திருட்டு. ஒரு 8 மில்லிமீட்டர் கம்பித்துண்டைக் காடியில் படுக்கவைத்துப் பாருங்கள். கம்பி தரைமட்டத்துக்குள் முழுதாக இறங்க வேண்டும்.

வெட்டின பிறகு பராமரிப்பு?

தென்னந்துடைப்பத்தால் கோட்டின் திசையில் தள்ளிக் கழுவுங்கள். வாரம் ஒரு நாள் பைப்பில் வேகமாகத் தண்ணீர் அடியுங்கள். இரும்பு மண்வெட்டியால் சாணம் சுரண்டினால் ஓரம் சீக்கிரம் மழுங்கும், ரப்பர் தள்ளி நல்லது. வருஷக்கணக்கில் தேய்ந்து ஆழம் குறையும்போது அதே கோட்டில் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

எப்போது மாட்டை உள்ளே கட்டலாம்?

பழைய தரை என்றால் மறுநாளே. அதற்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதிதாக வெட்டின ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். ஒரு கனமான கான்கிரீட் துண்டைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க நாலைந்து முறை இழுங்கள், அல்லது எங்கள் ஆளைத் தேய்ப்புக்கல் போடச் சொல்லுங்கள். வெறுங்காலோடு நடந்து பாருங்கள். உங்கள் பாதத்துக்கு உறுத்தினால் குளம்புக்கும் உறுத்தும். பிறகு நன்றாகக் கழுவி, முதல் சில நாள் கொஞ்சம் வைக்கோல் பரப்புங்கள்.

மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு அக்கா வீட்டில் இப்படித்தான் செய்தோம். ஆறு மாதமாக வாசலிலேயே நின்று அடம்பிடித்த கறவை மாடு. அக்கா கயிற்றை இழுக்கவே இல்லை, தவிட்டு வாளியை மட்டும் உள்ளே வைத்தார். மாடு குனிந்து தரையை மோந்தது. ஒரு காலை வைத்து எடுத்தது. மறுபடி வைத்தது, அழுத்திப் பார்த்தது. பின்னங்கால் உள்ளே வந்தபோது, அகட்டாமல் நேராக வைத்தது. "போதும்ணா, நீங்க மெஷினை ஏத்துங்க" என்றார் அக்கா.